போர்க் பை தொப்பிக்கு ஒரு மரண கானா

அன்புள்ள அண்ணே,

போன மாதம் உங்கள் தளத்தில் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பற்றி எழுதியிருந்தீர்கள். அன்றிலிருந்து எங்கள் மொட்டைமாடியில் சண்டை ஓயவில்லை. ஞாயிறு சாயங்காலம் நாங்கள் நாலு பேர் கூடி ஜாஸ் கேட்போம். எனக்கு ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வை மிஞ்சி எதுவும் இல்லை. துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டும் நண்பனுக்கு ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’தான் உசத்தி. கன்டெய்னர் வரிசையில் மணிக்கணக்காக நிற்கும்போது அதைத்தான் கேட்பானாம். மூன்றாமவன் எப்போது பார்த்தாலும் டேவ் ப்ரூபெக் குழுவின் ‘டேக் ஃபைவ்’ போடு என்பான். அவனை நாங்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நாலாமவன் டீக்காக வருகிறவன். “இன்னாடா இது, பெரிய ஓட்டல்ல சூப்பு குடிக்க சொல்லோ போடுற பாட்டு. நமக்கு இன்னாத்துக்கு?” என்கிறான். நீங்கள்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

வி., தண்டையார்பேட்டை

அன்புள்ள வி.,

உங்கள் இரண்டு கட்சிக்கும் ஒரே ஆள்தான் சாட்சி. இரண்டு ஆல்பத்திலும் டெனர் சாக்ஸஃபோன் வாசிப்பவர் கோல்ட்ரேன். 1959-இல் மைல்ஸ் குழுவில் ஒருவராக இருந்தவர், 1964 டிசம்பர் 9 அன்று தன் சொந்தக் குழுவோடு ‘எ லவ் சுப்ரீ’மைப் பதிவு செய்தார். எது பெரிசு என்பதை விட்டுவிட்டு, அந்த ஐந்து வருடத்தில் இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று சண்டை போடுங்கள். அதில் சுவை அதிகம்.

உங்கள் கட்சிக்கு ஒரு குறிப்பு. ‘ஸோ வாட்’ பாட்டில் இருப்பவை நம் கரஹரப்ரியா ராகத்தின் சுரங்கள். நடுவில் எட்டு பார் (தாளச் சுற்று) மட்டும் அப்படியே அரை சுரம் மேலே ஏறி, பிறகு பழைய இடத்துக்கே இறங்கிவிடும். அதற்கு முந்தைய ஜாஸில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) நிற்க விடாமல் துரத்திக்கொண்டே இருக்கும். மைல்ஸ் அந்த ஓட்டத்தை நிறுத்தி உட்கார இடம் கொடுத்தார். இதை ராகம் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சுரத்தை அசைக்கும் கமகமும் ராகத்துக்கே உரிய பிடிகளும் இல்லாமல் ராகம் ஏது?

டிரெய்லர்காரருக்கும் ஒன்று. அந்த ஆல்பத்தின் கடைசிப் பகுதியில் தாளம் ஓடாது. கோல்ட்ரேன் தான் எழுதிய பிரார்த்தனைக் கவிதையை, உறையில் அச்சாகியிருப்பதை, வாயால் சொல்லாமல் சாக்ஸஃபோனில் சொல் சொல்லாக வாசிக்கிறார். நம்மூர் விருத்தம் மாதிரி. கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். டிரெய்லர் நிற்கும்போது மட்டும்.

ஆனால் என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை. பாஸ் வாசிப்பவரான சார்லஸ் மிங்கஸின் ஆல்பம் ‘மிங்கஸ் ஆ அம்’முக்கு. காரணம் உங்கள் நாலாவது நண்பர்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959-இல் இரண்டே நாளில் பதிவானது: மார்ச் 2, ஏப்ரல் 22. அந்த இரண்டு நாளுக்கும் நடுவில், மார்ச் 15 அன்று, லெஸ்டர் யங் செத்துப்போனார். டெனர் சாக்ஸஃபோனைக் கத்த விடாமல் காதோடு பேச வைத்தவர். தட்டையான போர்க் பை தொப்பி அவர் அடையாளம். மே மாதம், மைல்ஸ் வாசித்த அதே நியூயார்க் ஸ்டுடியோவில், பழைய சர்ச் ஒன்றை மாற்றிக் கட்டியது அது, மிங்கஸ் அவருக்காக ‘குட்பை போர்க் பை ஹாட்’ பதிவு செய்தார். மெதுவான ப்ளூஸ். ஆறு நிமிடத்துக்கும் குறைவு. நடுவில் ஜான் ஹேண்டியின் டெனர் ஒரு இடத்தில் நாக்கு உதறி நடுங்கும். முதல்முறை கேட்டபோது எனக்குப் புளியந்தோப்புதான் ஞாபகம் வந்தது.

நான் வளர்ந்த தெருவில் சாவு விழுந்தால் ராத்திரி முழுக்க மரண கானா. செத்தவர் பெயர், செய்த வேலை, கட்டின சட்டை, போட்ட சண்டை எல்லாம் பாட்டில் வரும். மிங்கஸ் செத்தவர் பேரைச் சொல்லாமல் தொப்பியைச் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம். மறுநாள் மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குப் போகும் வழியெல்லாம் மேளமும் ஆட்டமும். பேண்டு செட் சொன்னவர்கள் வீடு என்றால் கிளாரினெட்டும் உண்டு. திரும்பி வரும்போது சத்தமே இருக்காது, வீட்டுக்கு வந்து தலை முழுகுவதோடு சரி. ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸில் இது தலைகீழ். இடுகாட்டுக்குப் போகும்போது பேண்டு துக்கமாக, நடைக்கு நடை இழுத்து வாசிக்கும். புதைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் ஆட்டம், பின்னால் தெருவே சேர்ந்து ஆடும். எது சரி என்று சின்ன வயதில் கேட்டிருந்தால் நம்முடையது என்றிருப்பேன். இப்போது அவ்வளவு உறுதி இல்லை.

சூப்புக் கடைப் பாட்டு என்கிறாரே உங்கள் நாலாவது நண்பர், ‘மிங்கஸ் ஆ அம்’ ஆல்பத்திலேயே ‘ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்’ இருக்கிறது. 1957-இல் கறுப்பினப் பிள்ளைகளை லிட்டில் ராக் பள்ளிக்குள் விடாமல் காவலுக்கு ஆள் நிறுத்திய ஆர்கன்சா கவர்னர் ஃபாபஸை நக்கல் அடிக்கும் பாட்டு. இந்தப் பதிவில் வார்த்தைகள் கிடையாது. 1960-இல் வேறொரு சின்னக் கம்பெனியில் வார்த்தையோடு திட்டியே வாசித்தார் மிங்கஸ். அந்தப் பதிவைப் போடுங்கள், நண்பருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது. (மிங்கஸ் 1979-இல் மெக்சிகோவில் இறந்தார். அவர் மனைவி அஸ்தியை இங்கே கொண்டுவந்து கங்கையில் கரைத்தார்.)

கடைசியாக, நீங்கள் கணக்கில் சேர்க்காத அந்த ‘டேக் ஃபைவ்’காரர். ஐந்து எண்ணிக்கை கொண்ட நம் கண்டசாபு தாளம் ‘தக தகிட’. ‘டேக் ஃபைவ்’வின் பியானோ அதைத் திருப்பிப் போட்டு ‘தகிட தக’ என்று போகிறது. மெட்டைப் போட்ட பால் டெஸ்மண்டின் சாக்ஸஃபோன் அந்த ஐந்தின் மேல் அவசரமே இல்லாமல் நடக்கும். அடுத்த ஞாயிறு நீங்கள் மூன்று பேரும் ஐந்து நிமிடம் நழுவாமல் அதற்குக் கைத்தாளம் போட்டுக் காட்டுங்கள். அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்யலாம்.