வீட்டை அடகு வைத்து மருத்துவம் வேண்டாம், அண்ணா

போன சனிக்கிழமை டொராண்டோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மகள், தாய், தகப்பன், கூடவே சித்தப்பா. கரீபியன் தீவொன்றில் மருத்துவம், அதற்கு வீட்டின்மேல் இரண்டாவது மோட்கேஜ் என்று பெரியவர்கள் முடிவெடுத்தாயிற்று. "பிள்ளைதான் மனம் வைக்கிறாள் இல்லை" என்று தகப்பன் கலங்கினார்.

பிள்ளை என்னிடம் ஒரு படம் காட்டினாள். ஒன்ராறியோவின் மஸ்கோக்கா பக்கம் ரோட்டோரப் பாறை, அதன்மேல் நகத்தால் கீறினதுபோல் நீளநீளக் கோடுகள். "ஐஸ் போன தடம்" என்றாள். அவள் அன்று வாய் திறந்து பேசியது அதைப் பற்றி மட்டும்தான்.

அந்தத் தகப்பனுக்குத்தான் இதை எழுதுகிறேன். அண்ணா, நேராகவே சொல்கிறேன். வெளிநாட்டில் மருத்துவம் முடித்துக் கனடா திரும்புகிறவர்கள், குறைந்த எண்ணிக்கையிலான பயிற்சி இடங்களுக்குப் பெரும் போட்டி போடவேண்டும். இடம் கிடைக்காவிட்டாலும் கடன் கட்டத்தான் வேண்டும், அதைச் சித்தப்பா கட்டப்போவதில்லை.

அவள் காட்டிய அந்தக் கோடுகளுக்குப் பின்னால் ஒரு தொழில் இருக்கிறது: பனி இழுத்துப்போட்ட மண்ணைப் படித்துக் கனிமம் தேடுவது. பனியுகத்தின் தடித்த பனிப்படலம் நகரும்போது அடியிலுள்ள பாறையை உரசி, உடைத்து, இழுத்துக்கொண்டு போய்ப் பரப்பிவிடும். அந்த மண்ணை 'டில்' என்பார்கள். யுரேனியப் படிவத்தின்மேல், அதாவது யுரேனியம் செறிந்து கிடக்கும் பாறையின்மேல், பனி போயிருந்தால், அதன் துண்டுகளும் வால்போல நீண்டு கிடக்கும். வாலைப் பிடித்துப் பனி வந்த திசைக்கு எதிராக நடந்தால் தலை கிடைக்கும். வடக்கு சஸ்காட்சுவானில் கீ லேக் படிவத்தை 1970களில் அப்படித்தான் தேடிப் பிடித்தார்கள். பேட்டர்சன் லேக் சவுத்தில் 2011இல் கதிர்வீச்சுள்ள பாறைத் துண்டுகள் அகப்பட்டன, அடுத்த வருடமே துளையிட்டதில் படிவம் அகப்பட்டது.

வேலையும் சுவையானது. வாளி நிறைய டில் எடுத்து, சலித்து, ஆடும் மேசையில் கழுவி, குவார்ட்ஸைவிட அடர்த்தி கூடிய திரவத்தில் போடுவார்கள். அடர்த்தி 2.65 உள்ள குவார்ட்ஸ் மிதக்கும், கனமான கனிமங்கள் அடியில் தங்கும். பிறகு நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொரு மணியாய்ப் பொறுக்கவேண்டும். யுரேனியம் கொண்ட கனிமமான யுரேனினைட் மிகக் கனமானது, ஆனால் காற்றும் நீரும் படும் மேல்மண்ணில் எளிதில் சிதைந்துவிடும். அதனால் மணி கிடைக்கவில்லை என்றவுடன் படிவம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. நுண்ணிய மண்ணின் வேதியியலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பொறுமையும் சந்தேகமும் வேண்டிய வேலை இது, உங்கள் மகளுக்கு இரண்டும் இருக்கிறது.

குறையும் உண்டு. யுரேனிய விலை விழுந்தால் தேடல் வேலை குறையும். சஸ்காட்சுவானின் மெக்ஆர்தர் ரிவர் யுரேனியச் சுரங்கமே 2018இல் மூடி 2022இல்தான் திறந்தது. கோடையில் வாரக்கணக்கில் காட்டு முகாம், நுளம்பு, ஹெலிகாப்டர். ஆனால் டில் படிக்கத் தெரிந்தவர் யுரேனியத்தோடு நின்றுவிடுவதில்லை. தங்கத்துக்கும் அதே கைப்பழக்கம்தான், கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் லாக் டி கிராவில் 1991இல் வைரம் வெளிப்பட்டதும் பனி இழுத்துவந்த கனிமங்களைப் பின்தொடர்ந்துதான்.

சரி, இப்போது செய்யவேண்டியது. வேதியியல், பௌதிகம், கல்குலஸ் மூன்றையும் அவள் விடக்கூடாது. சட்பரியிலோ சஸ்கட்டூனிலோ புவி அறிவியல் பட்டம் படிக்கலாம். சேருமுன், பதிவுபெற்ற புவி அறிவியலாளர் ஆகத் தேவையான பாடங்கள் அந்தப் பட்டத்தில் இருக்கின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். படித்து முடித்தபின் ஒன்ராறியோவில் 48 மாத அனுபவமும் காட்டவேண்டும். வங்கியில் கொடுத்த மோட்கேஜ் விண்ணப்பத்தை இந்தக் கிழமையே திரும்ப எடுங்கள், அண்ணா.