இன்று தெரியும் பரு, பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியது

கேள்வி: எனக்கு வயது 21. மூன்று ஆண்டுகளாக நெற்றி, கன்னம், தாடை என்று முகம் முழுவதும் பருக்கள் வருகின்றன. தினமும் ஐந்தாறு முறை முகம் கழுவுகிறேன். துகள்கள் கலந்த ஸ்கிரப் போட்டுத் தேய்க்கிறேன். இணையத்தில் பலர் சொன்ன க்ரீம்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பத்துப் பதினைந்து நாட்கள் பூசிப் பார்த்தும் பலன் இல்லை. தோழி கொடுத்த ஒரு க்ரீமில் மட்டும் ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. இரண்டு மாதம் பூசிவிட்டு நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகப் பருக்கள் வந்துவிட்டன. முகம் சிவந்து எரிகிறது. பரு போன இடமெல்லாம் கறுப்புத் திட்டுகள், சில இடங்களில் சிறு பள்ளங்கள். மாதவிடாயும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. ரத்தத்தில் அழுக்கு சேர்ந்திருப்பதாக வீட்டில் சொல்கிறார்கள். அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிக்கும் கெமிக்கல் பீல் செய்துகொண்டால் எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடுமா? யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது தோழி கொடுத்த அந்த க்ரீம்தான். ஒரே வாரத்தில் பருவை அடக்கிவிட்டு, நிறுத்தியதும் சிவப்பும் எரிச்சலுமாகத் திருப்பித் தாக்குகிறது என்றால், அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ட்யூபின் மீது சிறிய எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசோல், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீராய்டு, அழற்சியைச் சில நாட்களுக்கு அமுக்கி வைக்கும். பரு உருவாகும் காரணத்தைத் தொடாது. நாளடைவில் தோலை மெலிதாக்கும், சிறு ரத்தக் குழாய்களை வெளியே தெரியவைக்கும், அதுவே புதிதாகப் பருக்களையும் கிளப்பிவிடும். நிறுத்தினால் எரிகிறது, எரிவதால் மறுபடி பூசுகிறார்கள். இந்தச் சுழலில் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நீங்கள் இரண்டு மாதத்தில் நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. எவ்வளவு எரிந்தாலும் அதை மீண்டும் தொடாதீர்கள். ஆனால் ட்யூபைத் தூக்கிப் போட வேண்டாம். தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீண்ட காலம் பூசிவருகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல், படிப்படியாகக் குறைப்பதா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

ரத்தத்தில் அழுக்கு என்ற பேச்சை இன்றோடு மறந்துவிடுங்கள். பருவுக்கும் சுத்தக் குறைவுக்கும் சம்பந்தம் இல்லை. நம் முகத்தில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய முடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் வேரை ஒட்டியும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் ஆன்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் கூடும்போது, ஆண் பெண் இருவருக்குமே, இந்தச் சுரப்பிகள் பெரிதாகி அதிக எண்ணெய் சுரக்கின்றன. அதே நேரத்தில் மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு துவாரத்தை அடைத்துவிடுகின்றன. எல்லோருடைய தோலிலும் சாதாரணமாக வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா, எண்ணெய் தேங்கிய அந்த இடத்தில் பெருகுகிறது. உடலின் எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரள்கின்றன. சிவப்பு, வீக்கம், வலி, சீழ் எல்லாம் அந்தப் போராட்டத்தின் விளைவுதான். பிளாக்ஹெட்டின் கறுப்புகூட அழுக்கு அல்ல. அடைப்பின் வாய் திறந்திருப்பதால், அதில் உள்ள மெலனின் என்ற நிறமி காற்றுப்பட்டுக் கறுத்துத் தெரிகிறது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

கண்ணுக்குத் தெரியாத இந்த அடைப்பு, பருவாக வெளியே வரப் பல வாரங்கள் ஆகும். சில நேரம் இரண்டு மாதங்கள்கூட ஆகும். அதாவது, இன்று காலை கண்ணாடியில் நீங்கள் பார்த்த பரு, நேற்று சாப்பிட்டதாலோ முந்தாநாள் தூங்காததாலோ வந்தது அல்ல. அதேபோல, அடுத்த மாதம் வரப்போகும் பருக்களும் இப்போதே உங்கள் தோலுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. பதினைந்து நாளில் க்ரீமை மாற்றியதால் உங்களுக்கு எதுவுமே பலன் தராதது இதனால்தான். அவற்றில் ஒன்றிரண்டு நல்ல மருந்தாகவே இருந்திருக்கலாம். வேலை செய்ய நீங்கள் நேரம் கொடுக்கவில்லை. பருவுக்கான எந்த மருந்தையும் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் பயன்படுத்திய பிறகுதான் பயனுண்டா இல்லையா என்று சொல்ல முடியும். பருவின் மீது மட்டும் புள்ளி வைப்பதும் போதாது. இன்று சுத்தமாகத் தெரியும் இடத்தில்தான் நாளைய பரு இருக்கிறது. எனவே பரு வரும் பகுதி முழுவதற்கும் மருந்து போக வேண்டும்.

உங்கள் தோல் இப்போது இருக்கும் நிலையில் உடனே பரு மருந்தைத் தொடங்குவது சரியல்ல. ஸ்டீராய்டும் ஸ்கிரப்பும் சேர்ந்து தோலின் மேல் காப்பு அடுக்கைச் சிதைத்துவிட்டன. முதல் மூன்று நான்கு வாரங்கள் அதற்கு ஓய்வு கொடுங்கள். ஸ்கிரப் வேண்டவே வேண்டாம். காலையிலும் இரவிலும், அதிகம் வியர்த்தால் இன்னொரு முறையும், மணமில்லாத மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவினால் போதும். வெந்நீர் வேண்டாம். விரல் நுனியால் தடவிக் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுவதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். எண்ணெய் வடியும் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். தோல் வறண்டு எரிந்தால் எந்தப் பரு மருந்தையும் உங்களால் தொடர்ந்து பூச முடியாது, பாதியில் நிறுத்திவிடுவீர்கள். மேலே ‘நான்-காமெடோஜெனிக்’ (non-comedogenic, அதாவது துவாரத்தை அடைக்காதது) என்று எழுதியிருக்கும் லேசான ஜெல் அல்லது லோஷனாகப் பார்த்து வாங்குங்கள்.

எரிச்சல் அடங்கியதும் அடாபலீன் 0.1 சதவீத ஜெல்லில் தொடங்கலாம் என்பது என் கருத்து. இது வைட்டமின் ‘ஏ’யைப் போலச் செயல்படும் ரெட்டினாய்டு வகை மருந்து. மயிர்க்காலில் செல்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுப்பதால், அடைப்பு உருவாகும் கட்டத்திலேயே வேலை செய்கிறது. பூசும் முறையில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். இரவு முகம் கழுவி, நன்றாக உலரும்வரை கால் மணி நேரம், இருபது நிமிடம் காத்திருங்கள். ஈரத் தோலில் பூசினால் எரிச்சல் கூடும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். அதை நெற்றி, இரு கன்னங்கள், மூக்கு, தாடை என்று ஐந்து புள்ளிகளாக வைத்து மெல்லப் பரப்புங்கள். கண்ணோரம், மூக்கின் மடிப்பு, உதட்டின் ஓரம் ஆகிய இடங்களை விட்டுவிடுங்கள். பிறகு மேலே மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள், தாங்கினால் தினமும். தொடக்கத்தில் தோல் வறண்டு உரியும், பருக்கள் சற்று கூடியதுபோலவும் தெரியலாம். பலரும் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். கடும் எரிச்சலோ வீக்கமோ இல்லையென்றால் தொடருங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுகிறவர்களும் ரெட்டினாய்டு எதையும் பூசக் கூடாது. அவர்களுக்கு அசெலாயிக் அமிலம் பாதுகாப்பானது.

சிவந்த, சீழ் வைத்த பருக்களுக்குப் பென்சாயில் பெராக்சைடு நல்ல துணை. 2.5 சதவீதமே போதும்; 10 சதவீதம் எரிச்சலைத்தான் கூட்டுமே தவிரப் பலனைப் பெரிதாகக் கூட்டாது. பாக்டீரியா இதற்கு எதிர்ப்புத் திறனை வளர்த்துக்கொள்வதில்லை என்பது இதன் சிறப்பு. ஒரு விஷயம், பட்ட துணியை இது வெளுத்துவிடும். வெள்ளைத் தலையணை உறையும் வெள்ளைத் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாகப் பூசுவது பழைய பழக்கம். இன்று அதை ஊக்குவிப்பதில்லை. கூடவே பென்சாயில் பெராக்சைடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சில மாதங்களில் மருந்து வேலை செய்யாமல் போகும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்கும் இதே விதி. அதையும் மூன்று நான்கு மாதங்களுக்குள் முடித்துக்கொள்வதே முறை. மாத்திரையை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும்.

உங்கள் மாதவிடாய் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முக்கியமான தகவல். 35 நாட்களுக்கு மேல் தள்ளிப்போகும் மாதவிடாயும் விடாத பருக்களும் சேர்ந்து வந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, அதாவது பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மேலுதட்டிலும் தாடையிலும் முடி வளர்வது, தலைமுடி மெலிவது, எடை கூடுவது ஆகியவையும் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். மகப்பேறு மருத்துவர் ஹார்மோன் அளவுகளுக்கு ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுக்கச் சொல்வார். அது உறுதியானால், ஹார்மோனைச் சீர்செய்யும் கருத்தடை மாத்திரைகளோ ஸ்பைரோனோலாக்டோனோ பருவுக்கும் சேர்த்தே பலன் தரும். இவற்றை மருத்துவர் மேற்பார்வையில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உணவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் சொல்வார்கள். ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவுகளும், உடற்பயிற்சி செய்கிறவர்கள் குடிக்கும் வே புரோட்டீன் பொடியும் சிலருக்குப் பருவைக் கூட்டுகின்றன. பாலும் சிலருக்கு அப்படியே. எல்லாவற்றையும் ஒதுக்கிப் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

கறுப்புத் திட்டுகளையும் பள்ளங்களையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். திட்டு என்பது அழற்சி ஆறிய இடத்தில் தங்கிய நிறமி. அது தழும்பு அல்ல. புதுப் பரு வராமல் பார்த்துக்கொண்டால் மாதங்கள் செல்லச் செல்லத் தானாகவே மங்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். ஆகவே தினமும் காலையில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் பூசுங்கள். அடாபலீன் பூசும் தோலுக்கு அது கட்டாயமும்கூட. பள்ளங்கள் அப்படியல்ல. அங்கே தோலின் ஆழத்தில் உள்ள கொலாஜென் என்ற புரதம் அழிந்திருக்கிறது. அது க்ரீமால் நிரம்பாது. பருவைக் கிள்ளுவதும் பிதுக்குவதும் சீழை வெளியே கொண்டுவருவதைவிட உள்ளே தள்ளுவதே அதிகம். உங்கள் பள்ளங்களில் சில அப்படி வந்தவையாக இருக்கலாம். பெரிய, வலிக்கும் கட்டி ஒன்று வந்தால் மருத்துவர் அதற்குள் மிகக் குறைந்த அளவில் ட்ரையாம்சினோலோன் ஊசி போடுவார். சில நாட்களில் அமிழ்ந்துவிடும். அதுவும் ஸ்டீராய்டுதான். சரியான அளவில் சரியான இடத்தில் ஒருமுறை போடுவதற்கும், முகம் முழுக்க மாதக்கணக்கில் பூசுவதற்கும் எவ்வளவு வேறுபாடு என்று பாருங்கள்.

வலிக்கும் ஆழமான கட்டிகள் அடிக்கடி வந்தாலோ, மேற்சொன்ன மருந்துகளுக்கு மூன்று நான்கு மாதத்தில் பலன் இல்லாவிட்டாலோ, பள்ளங்கள் பெருகிக்கொண்டே போனாலோ ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை பற்றி மருத்துவர் பேசுவார். அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டு அனுமதி பெற்ற மருந்து இது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்குவதால் பலருக்குப் பரு மீண்டும் வருவதே இல்லை. உதடு வெடிக்கும், கண் உலரும். கல்லீரலையும் ரத்தக் கொழுப்பையும் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கக்கூடியது என்பதால், எடுக்கும் காலத்திலும் நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. மனச்சோர்வு வந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடும் மருத்துவரிடம் போகாதீர்கள். பரு எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது உங்களை எவ்வளவு வதைக்கிறது என்பதையும் வைத்தே சிகிச்சையின் தீவிரத்தை முடிவு செய்ய வேண்டும். தூக்கம், படிப்பு, வெளியே போவது பாதிக்கப்பட்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி கெமிக்கல் பீல். தோல் மருத்துவர்கள் சாலிசிலிக் அமிலத்தை 20, 30 சதவீத அளவில் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் சில முறை பூசுவார்கள். அடைப்புகளும் கறுப்புத் திட்டுகளும் குறைய அது உதவும், ஆனால் தினசரி மருந்துக்குத் துணையாகத்தான். ஒரேயடியாகத் தீர்த்துவைக்கும் பீல் எதுவும் இல்லை. உங்கள் முகம் சிவந்து எரியும் இந்த நேரத்தில் பீல் செய்தால், தோல் வெந்து, இருக்கும் கறுப்பு இன்னும் கூடிவிடும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் இந்த ஆபத்து அதிகம். மருத்துவர் அல்லாதவர்கள் செய்யும் பீல், அழுத்தித் தேய்க்கும் ஃபேஷியல் இரண்டையும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

பள்ளங்களுக்கு அதன் வடிவத்தைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். ஊசி குத்தியதுபோல் குறுகி ஆழமானவற்றில் அடர் அமிலத்தைப் புள்ளியாக வைப்பார்கள். அலைபோல் சரிந்தவற்றுக்குத் தோலுக்கு அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை ஊசியால் விடுவிப்பார்கள். அகன்ற பள்ளங்களுக்கு, நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீடிலிங், லேசர் உண்டு. எல்லாமே பல முறை செய்ய வேண்டியவை; பள்ளத்தின் ஆழம் குறையும், முற்றிலும் மறைவது அரிது. இவற்றை இப்போது தொடங்கினால், புதிதாக வரும் ஒவ்வொரு பருவும் செய்ததைக் கெடுக்கும். முதலில் தோல் ஆறட்டும், பிறகு மூன்று மாதம் மருந்து. புதுப் பரு நின்று சில மாதங்கள் ஆன பிறகு பள்ளத்துக்கான தேதியை மருத்துவரிடம் கேளுங்கள்.