கடலடியில் கால்தடமா?

கேள்வி: ஐயா, என் மகன் கோலாலம்பூரில் எண்ணெய் ரிக்குகளுக்கு அடித்தளக் கணக்குப் போடும் வேலையில் இருக்கிறான். போன வாரம் முழுக்க, "பழைய கால்தடம் இருக்கும்மா, ரிக்கை எங்க நிறுத்துறதுன்னே தெரியல" என்று இரவுச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. கடலடியில் ஏது கால்தடம்? ரிக்கில் இருப்பவர்களுக்கு ஆபத்து உண்டா?
– ஒரு வாசகி, செந்தூல்

பதில்: மகன் கதைவிடவில்லை அம்மா. ஜாக்-அப் ரிக் மிதந்து வந்து, பெரும்பாலும் மூன்று கால்களை இறக்கி ஊன்றி, தன் உடம்பைத் தானே நீருக்கு மேல் தூக்கிக்கொள்ளும். காலுக்கடியில் 'ஸ்பட்கேன்' என்ற இரும்புப் பாதம். பத்துப் பதினைந்து மீட்டர் அகலம். உங்கள் வீடே அதன்மேல் உட்காரும். வேலை முடிந்து காலைப் பிடுங்கினால் குழியும், சுற்றிலும் குழைந்த மண்ணும் மிஞ்சும். அதுதான் கால்தடம்.

குழைந்த மண்ணை நான் கையால்தான் கற்றேன். கடலடிக் களிமண்ணை, அதை எடுத்து வந்த குழாயிலிருந்து தள்ளினால் டோடோல் மிட்டாய் மாதிரி நிற்கும். உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தால் ரொட்டியில் தடவும் காயா ஜாம் மாதிரி இளகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. உள்கட்டு உடைந்தது, அவ்வளவுதான். வருடங்கள் போகப் போக நீர் வடிந்து மறுபடி இறுகும், சில சமயம் முன்னைவிடக் கெட்டியாகவும். ஆக, குழி நடுவில் ஒரு பலம், விளிம்பில் வேறொன்று.

சேற்றில் மாட்டுக் குளம்படிக்குப் பக்கத்தில் கால் வைத்திருக்கிறீர்களா? வழுக்கி அந்தக் குழிக்குள்ளேயே போகும். ரிக்கும் அப்படித்தான். ஆனால் மேலே உடம்பு விடாமல் பிடித்திருப்பதால் கால் வளையும். நேராகக் குழிக்குள் இறங்குவதைவிட, அரைப் பாதம், ஒரு பாதம் விலகி இறங்குவதுதான் மோசம்.

தள்ளி நிறுத்தலாமே என்பீர்கள். விளிம்புக்கு விளிம்பு ஒரு பாத அகலமாவது விடச் சொல்லித்தான் வழிகாட்டு விதிகளும் இருக்கின்றன. நம் இரட்டைக் கோபுரத்துக்கு அடியில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இளமண் என்று தெரிந்ததும் இடத்தையே சுமார் 60 மீட்டர் நகர்த்தினார்கள். கடலில் எண்ணெய்க் கிணற்றை நகர்த்த முடியுமா? ரிக் அதை ஒட்டித்தான் நிற்க வேண்டும். போன முறை வந்த ரிக்கே வந்தால் அதே குழிகளில் ஊன்றலாம். வேறு ரிக் என்றால் கால் இடைவெளி வேறு.

குழியில் சரளை கொட்டுவார்கள், பாதத்தை ஏற்றி இறக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மிதிப்பார்கள், பாதத்தின் அடிவடிவத்தை மாற்றியும் பார்க்கிறார்கள். சரளையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இளமண்ணில் அதுவும் புதையும், அடுத்து வருபவனுக்குப் புதுத் தொல்லை.

என்னைக் கேட்டால், கணக்கு மண்ணறிக்கையில் தொடங்குவதில்லை. முன்னால் யார் எங்கே நின்றார்கள் என்ற பதிவில் தொடங்குகிறது. ஒரு வேலையில் எங்களுக்கு வந்த பழைய வரைபடத்தில் இரண்டே குழி. மூன்று கால் ரிக்குக்கு! மூன்றாவது, ஒலியலையால் கடலடியைப் படம்பிடிக்கும் சோனாரிலும் தெரியவில்லை. வண்டல் படிந்து தட்டையாக மூடிக்கிடந்தது. துளைபோட்டுப் பார்த்த பிறகுதான் அகப்பட்டது.

ஆபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நிறுத்தும் நாளில் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றி, காலை வேண்டுமென்றே அழுத்திச் சோதிப்பார்கள். அப்போது உடம்பை நீருக்குக் கொஞ்சம் மேலேதான் வைத்திருப்பார்கள். கால் திடீரென்று இறங்கினாலும் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். உங்கள் மகன் அலுவலகத்தில்தான் இருப்பான், கவலை வேண்டாம். அன்றைக்கு மட்டும் சாப்பாட்டுக்குக் காத்திருக்காதீர்கள்.