தொழிலுக்கு வாங்கிய மெஷினைத் திருப்பித் தர முடியாதா?

மதுரை வாசகி ஒருவரின் கேள்வி: “வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஆன்லைனில் 14,800 ரூபாய்க்கு வாங்கிய மெஷின், வந்த நாள் முதல் நூலை அறுக்கிறது. தொழிலுக்கு வாங்கியதால் நான் நுகர்வோரே இல்லை, பணம் தர முடியாது என்கிறார் விற்பனையாளர். யாரிடம் போவது?”

ஆன்லைனில் நம் ஆட்கள் மறுபடி மறுபடி வாங்குவது தள்ளுபடிக்காக மட்டும் இல்லை. சரியில்லை என்றால் திருப்பிவிடலாம் என்ற தைரியத்தில்தான். அந்தத் தைரியத்தைத்தான் உங்கள் விற்பனையாளர் உடைக்கப் பார்க்கிறார்.

எதற்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று கூகுளில் தேடாதீர்கள். தேடினால் வருவதில் பாதி வலை. எடுப்பவர் தேன் ஒழுகப் பேசுவார். “ரீஃபண்ட் போடுகிறேன், இந்த ஆப்பை இறக்குங்கம்மா” என்பார். இறக்கினால் உங்கள் போன் திரை அவர் கையில். சென்ற மாதம் ஒருவர் 600 ரூபாய் ரீஃபண்ட் கேட்கப் போய் 38,000 ரூபாயைத் தொலைத்துவிட்டு என்னிடம் வந்தார். என் மேஜையில் வைத்தபோதும் அந்த ஆப் ஓடிக்கொண்டுதான் இருந்தது! பணம் நமக்கு வர யூபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் திருடன். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930.

சரி, உங்கள் விஷயம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மைதான். விற்பனையாளர் அந்த வரியோடு நிறுத்திக்கொண்டார். சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கி, வாங்கியவரே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அடுத்தே இருக்கிறது. துணைக்கு ஒருவர் இருவரை வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை. கோவை பிஎஸ்ஜி நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்து மெஷின் போட்டு, ஆள் வைத்துத் தைத்து, நீங்கள் கல்லாவில் மட்டும் உட்கார்ந்தால் கதை வேறு. பில்லில் ஜிஎஸ்டி எண் கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் நீட்டும்.

பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்பது 2020 மின்வணிக விதி. நீங்கள் வாங்கிய ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு, ஆப்பிலேயே இருக்கும் முகவரியில் எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். எதிராளி டெல்லியில் இருந்தாலும் உங்கள் ஊரிலேயே போடலாம். இரண்டு வருட அவகாசம் உண்டு. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆணைய வாசலில் “பத்து பர்சென்ட் கொடுங்க, நான் பார்த்துக்கிறேன்” என்று ஒட்டிக்கொள்பவர்களிடம் ஒரு காகிதம்கூடக் கொடுக்காதீர்கள். மனுவை நீங்களே தமிழில் எழுதலாம்.

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதம் என்கிறது சட்டம். வாய்தா வாங்கியே வருடத்தை ஓட்டுகிறார்கள், கேட்க நாதியில்லை. ஆனாலும் போடுங்கள். நோட்டீஸ் போனதும் பல விற்பனையாளர்கள் தாமாகவே பேச வருவார்கள்.

ஒன்றே ஒன்று: தெரு மெக்கானிக்கிடம் மெஷினைக் காட்டிவிடாதீர்கள். அவர் கை பட்டதால்தான் பழுது என்பார்கள். நூல் அறுவதை வீடியோ எடுத்துக்கொண்டு, வந்த பெட்டியிலேயே மூடி வையுங்கள்.