ஒரு ஏக்கரில் 48 வீடு: நிழலுக்கு இடம் எங்கே?

கேள்வி: உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே எங்கள் சங்கத்துக்கு ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது. மீனவக் குடும்பங்களுக்கு 48 வீடுகள் கட்டப் போகிறோம். பிள்ளைகள் விளையாடவும் பெரியவர்கள் உட்காரவும் பசுமையான இடம் வேண்டும். வரைபடத்தில் சுற்றுச்சுவரை ஒட்டி நாலு பக்கமும் புல்தரை காட்டியிருக்கிறார்கள். போதுமா?
- வாசகர், மண்டபம்

பதில்: போதாது. சுவரோரத்து ஆறடிப் பட்டையில் யாரும் உட்கார மாட்டார்கள். சீக்கிரமே அங்கே பைக் நிற்கும். அந்தப் பரப்பையெல்லாம் சேர்த்து நடுவில் ஒரே முற்றமாக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு 700 சதுர அடி, தளத்துக்கு 12 வீடு, நாலு தளம் என்றால் படிக்கட்டு, நடைவழி சேர்த்தும் கட்டடம் நிலத்தில் கால்வாசியைத்தான் பிடிக்கும். இரண்டு வரிசையாகக் கட்டி இடையில் 40 அடியாவது விடுங்கள். கட்டடத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு அகலம் வேண்டும். குறைந்தால் கீழ்வீடுகள் இருட்டாகிவிடும். வண்டிகள் சாலைப் பக்கத்தோடு நிற்கட்டும்.

சமையலறை ஜன்னல்கள் முற்றத்தைப் பார்க்கட்டும். அடுப்படியில் நிற்பவர் கண்ணில் பட்டால்தான் பிள்ளைகளை நம்பி வெளியே விடுவார்கள். மரம் தெரிவதே உடம்புக்கு நல்லது. ராஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட அமெரிக்க மருத்துவமனை ஆய்வில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறுவைச் சிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிட முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

முற்றத்தின் வாய் தென்மேற்கை நேராகப் பார்க்கக் கூடாது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் இரு கட்டடங்களுக்கு நடுவே காற்று வேகமெடுத்து மணலை வாரி இறைக்கும். சுவர் வைத்து முழுக்க அடைத்தாலும் தப்பு. சுவருக்குப் பின்னால் காற்று சுழன்று மணலைக் கொட்டும். வெளியே சவுக்கு, உள்ளே பூவரசு என இரண்டு வரிசை மரவேலி போடுங்கள். அது காற்றை வடிகட்டித்தான் அனுப்பும்.

புல்தரை வேண்டவே வேண்டாம். ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை, அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள். மிச்ச நாளெல்லாம் புல்லுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? இந்தக் கரையில் நிலத்தடி நன்னீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படலமாகத்தான் மிதக்கிறது. ஆழ்துளை போட்டு உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறும்; தோட்டமும் போகும், குடிநீர்க் கிணறும் போகும். மொட்டைமாடி நீரை 4 அடி விட்டமுள்ள ஆழம் குறைந்த உறைக்கிணற்றில் இறக்குங்கள். 950 சதுர மீட்டர் மாடியிலிருந்து, வீணாவது போக, ஆண்டுக்கு 6 லட்சம் லிட்டர் கிடைக்கும். கழிவுநீர்த் தொட்டி அதற்கு 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

மரத்துக்குக் குளியல் நீரே போதும். ஜல்லி நிரப்பிக் கல்வாழை வைத்த பாத்தி வழியாக விடுங்கள். பூவரசு, புன்னை, புங்கன், வேம்பு நடலாம். நடமாடும் இடத்தில் தென்னை வேண்டாம், தேங்காய் தலையில் விழும். மூன்றடிக் குழியில் அடியில் தேங்காய் மட்டையை உட்குழி மேலே பார்க்க இரண்டு அடுக்கு பரப்பி, மேலே வண்டல், செம்மண், மட்கிய எருவைச் சம பங்காகக் கலந்து நிரப்புங்கள். வெறும் மணல் தண்ணீரை நிறுத்தாது. சுவரிலிருந்து 15 அடி தள்ளி நடுங்கள். சீமைக் கருவேலம் இருந்தால் வெட்டிவிட்டால் மட்டும் போதாது, தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். இல்லையேல் மறுபடி தளிர்க்கும்.

முற்றத்தின் ஒரு ஓரத்தில் நீளவாக்கில் நிழல் விடுங்கள், வலை பின்னத் தேவைப்படும். தரைத்தள வீடுகளுக்கு முன் ஆறடிச் செடிவரிசையும் இரண்டரை அடித் திண்ணைச் சுவரும் இருந்தால், வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார்களே என்ற சங்கடம் இருக்காது. உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் நிலம் இருந்தால், வரைபடம் போடும் முன்பே கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். போர்த் தண்ணீர் உப்பு. தொட்டிச் செடியெல்லாம் நுனி கருகுகிறது.
- வாசகி, கீழக்கரை

பதில்: தொட்டியில் உப்பு சேர்கிறது. அடித்தட்டை எடுத்துவிட்டு, ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு அடித்துளை வழியே வெளியேறும்படி ஊற்றுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பில்லை, வாளி வைத்துப் பிடியுங்கள். ரோஜாவை விட்டுக் காகிதப்பூ, நித்தியகல்யாணி, கற்றாழைக்கு மாறுங்கள்.