பி.எட். சேர்ப்பதற்கு முன் மகளிடம் கேளுங்கள்: எந்த வகுப்புக்கு?

வணக்கம் சார். மகள் பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடம் படிக்கிறாள், அடுத்து பி.எட். சேர்த்துவிடலாமா, இல்லை அதுவும் வீண் செலவா, பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்கிறார், மைத்துனர் ஒன்று சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். காலேஜுக்கே வர வேண்டாம், பணம் கட்டிவிட்டுப் பரீட்சைக்கு மட்டும் வந்தால் சர்டிபிகேட் கைக்கு வந்துவிடும் என்று ஒருவர் வீடு தேடி வந்து சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆள் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒன்று. ‘டீச்சர் வேலை’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வது தமிழ்நாட்டில் மூன்று தனித்தனி வேலை. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இடைநிலை ஆசிரியர், ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர், பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலை ஆசிரியர். மூன்றுக்கும் படிப்பு வேறு, தேர்வு வேறு, சம்பளமும் வேறு. எனவே பி.எட். சேர்ப்பதா வேண்டாமா என்று நீங்களும் மைத்துனரும் பேசி முடிவெடுப்பதற்கு முன்னால், எந்த வயதுப் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்க விருப்பம் என்று மகளிடம் கேட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லாருடைய கருத்தும் இருக்கிறது, அவளுடையது மட்டும் இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆசை என்று அவள் சொன்னால் பி.எட். உதவாது. பட்டமும் பி.எட்.டும் இருந்தால் கீழ்வகுப்புக்கும் போகலாம்தானே என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். ஆசிரியர் படிப்புகளுக்கு விதி வகுக்கும் தேசிய அமைப்பான என்.சி.டி.இ. 2018இல் அப்படி ஓர் அறிவிப்பு கொடுத்தது உண்மைதான், ஆனால் ஆரம்ப வகுப்புகளுக்கு பி.எட். தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. அதற்குத் தனியாக இரண்டு வருடத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு இருக்கிறது, ப்ளஸ் டூ முடித்தாலே சேரலாம், மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் நடத்துகிறார்கள். பட்டம் வாங்கியபின் பட்டயம் படிப்பதா என்று வீட்டில் யாராவது முகம் சுளிப்பார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சம்பளத்தைத் தெரிந்துகொண்டு போகட்டும். அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. இடைநிலை ஆசிரியர்கள் அடிக்கடி போராட்டத்தில் உட்காருவதன் பின்னால் ஊதிய முரண்பாடுதான் இருக்கிறது.

ஆறு முதல் பத்து என்றால் அவளுக்கு வழி நேரானது: பி.எஸ்சி. கணிதம், இரண்டு வருடம் பி.எட்., அப்புறம் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், அப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. இதில் கடைசி இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நிறைய வீடுகள் ஏமாந்து போயின. டெட் ஒரு தகுதித் தேர்வு மட்டுமே. கட்டாயக் கல்விச் சட்டம் வந்தபின் 2010இல் என்.சி.டி.இ. அதைக் கட்டாயமாக்கியது, தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலையில் நடந்தது. 2013இல் தேர்ச்சி பெற்ற பலர் வேலைக்குக் காத்திருந்தபோது, டெட் பாஸ் செய்தாலும் நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு உண்டு என்று 2018இல் அரசாணை 149 வந்தது. அவர்கள் எத்தனையோ முறை சென்னைக்கு வந்து போராடியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். ‘டெட் பாஸ் ஆயிட்டா, இனி ஆர்டர் வர வேண்டியதுதான்’ என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக் கல்யாணப் பேச்சை எடுத்துவிடாதீர்கள். ஒரு நல்ல விஷயம், முன்பு ஏழு வருடம் மட்டுமே செல்லுபடியான டெட் சான்றிதழ் 2021இலிருந்து ஆயுள் முழுக்கச் செல்லும்.

இந்த டெட் தொல்லை கொஞ்ச நாளில் எடுபட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கே, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால், இரண்டு வருடத்துக்குள் டெட் பாஸ் செய்யச் சொன்னது. இருபது வருடம் பாடம் நடத்தியவர்களையே எழுதச் சொல்லும்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சலுகை எங்கிருந்து வரும்?

கணக்கு படித்த பிள்ளைகள் அதில் எங்கே சறுக்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தாளில் 150 கேள்வி: குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதமும் அறிவியலும் சேர்த்து. கணக்குப் பட்டதாரி பன்னிரண்டாம் வகுப்போடு உயிரியலை மூட்டை கட்டி வைத்திருப்பார், அறிவியல் கேள்விகளில் முழிப்பார். பொதுப் பிரிவுக்கு 90 மதிப்பெண் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு, அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எட். இரண்டாம் ஆண்டில் இருக்கும்போதே டெட் எழுதலாம், அதனால் ஆறு முதல் பத்து வரை உள்ள அரசுப் பாடநூல்களை, தமிழ்ப் புத்தகத்தையும் சேர்த்து, முதல் வருடத்திலிருந்தே வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். கோச்சிங் சென்டர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மேல்நிலை வகுப்பு என்றால் எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்து வேண்டும். இதற்கு டெட் கிடையாது, நேரடியாக முதுகலை ஆசிரியர் தேர்வுதான். இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்பதை மறந்து, பி.எஸ்சி. கணிதத்துக்கு மேல் தபால்வழியில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வந்து நிற்கிறவர்கள் எல்லா வருடமும் இருக்கிறார்கள். 2025 அக்டோபரில் நடந்த தேர்வில் இடம் 1,996, விண்ணப்பித்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டே பேருக்கு எழுதுகிறவர்கள் என்பது என் கணிப்பு, ஆனாலும் மீதிப் பாதியே பெரிய கூட்டம். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 53 வரை இருப்பதால் இவ்வளவு அவசரம் எதற்கு என்றும் நீங்கள் யோசிக்கலாம், எனக்கு அவசரம் இல்லை, உங்களுக்குத்தான் இருக்கிறது.

என் யோசனை: கணிதம் அவளுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் எம்.எஸ்சி. முதலில், பி.எட். பிறகு. அப்போது ஆறு முதல் பன்னிரண்டு வரை இரண்டு கதவும் திறந்திருக்கும். பி.எஸ்சி.யையே தத்தளித்துத்தான் கரையேற்றினாள் என்றால் நேராக பி.எட். போகட்டும். (உங்கள் இளையவள் காமர்ஸ் எடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பி.காம். மட்டும் வைத்துக்கொண்டு இங்கே பி.எட். சேர முடியாது, வணிகவியல், பொருளியல் போன்ற பாடங்களுக்கு முதுகலை வேண்டும். அதை இப்போதே அவள் காதில் போட்டு வையுங்கள்.)

சரி, அந்த வீடு தேடி வந்த ஆள்.

பி.எட். என்பது வகுப்பில் ஆள் இருந்தாக வேண்டிய படிப்பு. 2015–16இலிருந்து அது இரண்டு வருடம் ஆனதே பள்ளிப் பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்றுதான், இரண்டு வருடத்தில் 20 வாரம் பள்ளியில் இருந்தாக வேண்டும் என்பது விதி. தபால்வழி பி.எட். உண்டே என்பார். உண்டு. ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்தவர்களுக்கானது, பட்டப்படிப்பை மட்டும் முடித்துவிட்டு வரும் உங்கள் மகள் அதில் சேர முடியாது. ‘வராமலே முடிக்கலாம்’ என்கிற கல்லூரியில் வருகைப் பதிவேட்டில் அவளுக்காக யாரோ கையெழுத்துப் போடுவார்கள், பயிற்சிப் பதிவேடுகளைக் காசுக்கு எழுதிக் கொடுக்கவும் ஆள் இருக்கும். பட்டமும் வரலாம். ஆனால் அதே நாட்களில் அவள் வேறு எங்காவது வேலை பார்த்திருந்தால், இங்கே ரெகுலராக பி.எட். படித்ததாகச் சான்றிதழ் சரிபார்ப்பில் காட்டும்போது தேதிகள் இடிக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது.

ஏழாம் வகுப்பு. பயிற்சிக்குப் போன பெண் கரும்பலகையில் ‘மைனஸ் இன்ட்டு மைனஸ் பிளஸ்’ என்று எழுதிவிட்டுத் திரும்புகிறாள். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருவன், ‘ஏன் மிஸ்?’ என்கிறான். பி.எஸ்சி.யில் வளையம், களம் என்று உயர்கணிதம் எல்லாம் படித்தவள்தான், பதில் வரவில்லை. அது ரூல், மனப்பாடம் பண்ணிக்கோ என்று சொல்லிக் கடந்துவிடலாம், பாதி வகுப்பறைகளில் அதுதான் நடக்கிறது. பின்னால் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் வழிகாட்டி ஆசிரியை பாட வேளை முடிந்ததும் கூப்பிட்டு, நாளைக்கு இப்படிச் செய்து பார் என்று எழுதிக் காட்டுகிறார்: 3ஐ −2ஆல் பெருக்கினால் −6. 2ஐப் பெருக்கினால் −4. 1ஐப் பெருக்கினால் −2. பூஜ்யத்தைப் பெருக்கினால் 0. ஒவ்வொரு படிக்கும் விடை இரண்டு இரண்டாகக் கூடுகிறது, அடுத்து −1ஐப் பெருக்கினால் என்ன வர வேண்டும் என்று நீ சொல்லாதே, அவர்களையே சொல்ல விடு. மறுநாள் அதே பையன் ‘இரண்டு’ என்கிறான், பிளஸ் என்று சேர்த்துக்கூடச் சொல்லவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே எழுதினால் பின்வரிசை என்ன செய்யும், பாடக் குறிப்பில் நாற்பது நிமிடத்துக்கு எழுதியது ஏன் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துபோகிறது, கேள்வியைக் கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் சும்மா நிற்க வேண்டும், இதையெல்லாம் சக மாணவர்கள் முன் சிறு பாடம் நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தல் வகுப்பிலும் அந்த 20 வாரத்திலும்தான் கற்றுக்கொள்ள முடியும். வீட்டுக்கு வந்த ஆள் உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு எடுத்துக்கொண்டு போவது இதைத்தான். டெமோ கிளாஸ் வைத்து ஆள் எடுக்கும் பள்ளியில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், யார் போய்ப் படித்தார்கள், யார் போகவில்லை என்று.

கல்லூரி எப்படித் தேர்வு செய்வது? முதலில் அரசு, அரசு உதவி பெறும் கல்வியியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுங்கள். சென்னையில் சைதாப்பேட்டை, லேடி வில்லிங்டன் மாதிரிப் பழைய கல்லூரிகளில் கட்டணம் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும், கிடைக்காவிட்டால் தனியார் பக்கம் பார்க்கலாம். பட்டப்படிப்பில் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம் வேண்டும், மற்ற பிரிவுகளுக்குக் குறைவு. தனியார் கல்லூரி என்றால் என்.சி.டி.இ. அங்கீகாரமும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழக இணைப்பும் இந்த வருடச் சேர்க்கைக்கு இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே பாருங்கள், ஆபீஸ் ரூமில் மாட்டியிருக்கும் ஃபிரேமை நம்பாதீர்கள். அப்புறம் சாதாரண வேலை நாளில், சொல்லாமல், காலை பத்தரை மணிக்குப் போய் நில்லுங்கள். வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களா? போன வருடம் பயிற்சிக்கு எந்தெந்தப் பள்ளிக்கு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். பள்ளிப் பெயர்கள் தடையில்லாமல் வந்தால் நல்ல இடம். ‘அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் சார்’ என்றால் பஸ் ஏறிவிடுங்கள்.

ப்ளஸ் டூ முடித்ததுமே சேர்கிற, பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் போன்ற இடங்களில் இருக்கிறது, தேசிய அளவில் நுழைவுத் தேர்வு உண்டு. மூத்தவளுக்கு அது தாண்டிப்போய்விட்டது. ஒரு வருட பி.எட். வரப்போகிறது, காத்திருக்கலாமா என்பதற்கு: 2025இல் வந்த என்.சி.டி.இ. வரைவு விதியிலேயே அது முதுகலை முடித்தவர்களுக்கும் நான்கு வருடப் பட்டம் பெற்றவர்களுக்கும்தான், மூன்று வருட பி.எஸ்சி.யோடு நிற்கிறவர்களுக்கு இல்லை. காத்திருக்க வேண்டாம்.

அரசு வேலை வரும்வரை தனியார் பள்ளிதான். அங்கே சம்பளம் பல இடங்களில் வெட்கப்படும் அளவுக்கு இருக்கிறது, சில பள்ளிகள் மே மாதச் சம்பளமும் தருவதில்லை. ‘பொம்பளப் பிள்ளைக்குப் பாதுகாப்பான வேலை’ என்று எழுதியிருந்தீர்களே, மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து நாற்பது பேரின் விடைத்தாளைத் திருத்துவதும் அந்த வேலையில் சேர்த்திதான். இரண்டு வருட அனுபவத்துக்காகப் போகட்டும், ஆனால் ஒரிஜினல் சான்றிதழ்களை எந்தப் பள்ளியிலும் ஒப்படைக்க வேண்டாம். நகல் கொடுத்து, ஒரிஜினலைக் காட்டி, கையோடு திரும்ப வாங்கி வரச் சொல்லுங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் சற்றுப் பரவாயில்லை, கேந்திரிய வித்யாலயா பக்கம் கண் வைத்தால் மத்திய அரசின் தகுதித் தேர்வான சிடெட் எழுத வேண்டும், அதோடு ஆங்கிலத்தில் கூசாமல் பாடம் நடத்தப் பழகியிருக்க வேண்டும்.

இனி இந்த மாதமே செய்ய வேண்டியது. அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவளாக இருந்தால் பி.எட்.டையும் தமிழ் வழியில் சேருங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீட்டுக்கு எல்லாக் கட்டத்துக்கும் சான்றிதழ் கேட்பார்கள், ஆரம்பப் பள்ளி மூடிப்போயிருந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் அலைய வேண்டியிருக்கும், அதை அறிவிப்பு வந்தபின் கடைசி வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் கல்லூரிச் சான்றிதழிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அவள் பட்டத்தின் பெயர் வெறும் ‘கணிதம்’ என்று இல்லாமல் வேறு வால் ஏதாவது ஒட்டியிருந்தால், அது கணிதத்துக்கு இணை என்று சொல்லும் அரசாணை எண்ணைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், மூன்று வருட மதிப்பெண்ணோடு.