அண்ணனுக்கு விரைல கேன்சர், ஒரே ஒய் குரோமோசோம்தானே, எனக்கும் வருமா?

நாலு வருஷம் முன்னாடி இதே கேள்வியோட தூங்காம கெடந்தவன் நான், அதனால எழுதுறேன்.

எங்கண்ணனுக்கு அப்போ 29 வயசு. பட்டாணி சைஸ்ல கெட்டியா ஒரு கட்டி, வலியே இல்ல, அதனாலயே யார்கிட்டயும் சொல்லாம நாலு மாசம் மறைச்சுட்டான். செமினோமானு, அதாவது விரைல வர்ற ஒரு வகை கேன்சர்னு, ரிசல்ட் வந்துச்சு. டாக்டர் முதல்ல அம்மாகிட்ட கேட்டது "சின்ன வயசுல ஒரு விரை கீழ இறங்காம இருந்துச்சா"னு தான்.

ஒய் குரோமோசோம்ல ஒரு கோளாறு இருந்தா விரை கேன்சர் ரிஸ்க் கூடும்னு படிச்சிருப்பீங்க, அது உண்மை. ஒய்ல விந்தணு உற்பத்திக்கான ஜீன்கள் இருக்குற இடத்துல ஒரு துண்டு இல்லாம போயிருக்கும், ஜிஆர்/ஜிஆர் டெலிஷன்னு பேரு. ஆனா 2005ல வந்த ஆய்வப் பாருங்க: கேன்சர் வராதவங்கள்ல 1000 பேருக்கு 13 பேர்கிட்ட அது இருந்துச்சு, வந்தவங்கள்ல 20, வந்தவங்களோட குடும்பத்துலயும் வேற யாருக்காவது கேன்சர் வந்திருந்தா 30. அதாவது நம்மள மாதிரி வீடுகள்ல கேன்சர் வந்தவங்கள்லயே 1000க்கு 970 பேருக்கு அந்த டெலிஷன் கிடையாது, இருக்கறவங்கள்லயும் பெரும்பாலானவங்களுக்கு கேன்சர் வரதில்ல. அதனால அந்த டெலிஷன் இருக்கானு பாக்குற டெஸ்டுக்கு காசு செலவு பண்ணாதீங்க.

அப்பாவுக்கு வந்தா மகனுக்கு ரிஸ்க் 4-6 மடங்கு, அண்ணனுக்கு வந்தா தம்பிக்கு 8-10 மடங்கு. ரெண்டு பக்கமும் ஒரே ஒய் தானே, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? அப்பாவோட எக்ஸ் மகனுக்கு வராது, அண்ணன் தம்பிக்கு அம்மாவோட ஒரே எக்ஸ் வர வாய்ப்பிருக்கு; அதான் அம்மாகிட்டருந்து வர்ற எக்ஸ் மேல சந்தேகம் வந்து, 2000ல எக்ஸ்ல ஒரு இடத்தையும் காட்டினாங்க, ஆனா அடுத்து வந்த பெரிய ஆய்வுல அது நிக்கல. 2009ல ரொம்ப பலமா மாட்டுனது 12வது குரோமோசோம்ல இருக்குற கிட் லிகாண்ட் ஜீன், அது எக்ஸும் இல்ல ஒய்யும் இல்ல.

10 மடங்குனு கேட்டா நெஞ்சு படபடங்கும் தான், ஆனா நம்ம நாட்டுல வருஷத்துக்கு லட்சம் ஆண்கள்ல ஒருத்தருக்கும் கம்மியா வர்ற நோய் இது, அதோட 10 மடங்கு தான்.

டெஸ்டுக்குப் பதிலா மாசம் ஒருதரம் வெந்நீர்ல குளிச்சதும், தோல் தளர்ந்துருக்கும்போது, ஒவ்வொரு விரையா கட்டைவிரலுக்கும் மத்த விரலுக்கும் நடுவுல மெதுவா உருட்டிப் பாருங்க. பின்பக்கம் மெத்துனு கயிறு மாதிரி தட்டுப்படறது எல்லாருக்கும் இருக்குறது, அதுக்கு பயப்படாதீங்க. கெட்டியா, புதுசா ஏதாவது இருந்தா வலி வரட்டும்னு காத்திருக்காம அந்த வாரமே ஸ்கேன் எடுத்துடுங்க.

அண்ணன் நல்லா இருக்கான். ஒரு விரையோட தான், போன வருஷம் பொண்ணு பொறந்துருக்கா.